கல்யாண கேசட்டை டிவிடியில் போடும் முன்னால் சாப்டர் வைக்கும் முறை

மூன்று மணி நேரக் கேசட்டை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, அப்படியே டிவிடியில் ரைட் செய்து கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பல பேர் நினைக்கிறார்கள். கஷ்டம் அதை வீட்டில் போட்டுப் பார்க்கிறவர்களுக்குத்தான். தாலி கட்டுகிற இடம் வேண்டுமென்றால் ஃபார்வர்டை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் பந்திக்குப் போய்விடும். 'நெக்ஸ்ட்' பட்டனை அழுத்தினாலோ மொத்தப் படமும் முடிந்து மெனு வந்து நிற்கும், ஏனென்றால் நடுவில் தாண்டி நிற்க ஒரு புள்ளிகூட இல்லை. அந்தப் புள்ளிகளை வைப்பதுதான் சாப்டர் வைப்பது.

நாங்கள் இருப்பது ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளி. வீட்டுக்காரர் கேமரா, நான் மிக்சிங், அதாவது எடிட்டிங். புதுக் கல்யாணமெல்லாம் இப்போது பென் டிரைவில்தான் போகிறது. டிவிடி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய கேசட் வைத்திருப்பவர்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பார்கள், வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு டிவிடி பிளேயர்தான் கைப்பழக்கம். தங்கச்சிமடம், பாம்பன் ஆட்கள் தடைக்காலத்தில் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பரணில் கிடக்கிற கேசட்டுக்கு அப்போதுதான் விடிவு வரும்.

கேசட்டை விசிஆரில் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே சுற்றியிருக்கும் நாடாவின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மாவு தூவியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஈரக் காற்றில் இது சகஜம். அதை அப்படியே ஓட்டினால் விசிஆரின் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு அப்புறம் வாருங்கள்.

சரி, கேசட் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. உடனே சாப்டர் வைக்க உட்காராதீர்கள். முதலில் வெட்ட வேண்டியதை வெட்டுங்கள்: ஆரம்பத்து நீலத் திரை, கேமராவை அணைக்க மறந்து தரையைப் படம் பிடித்த இடம், கடைசியில் இரைச்சல் மட்டும் ஓடும் பகுதி. நேரம் குறிப்பது இதற்குப் பிறகுதான். முன்பே குறித்துவிட்டு அப்புறம் நடுவில் நாற்பது நொடியை வெட்டினால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் குறிப்பும் நாற்பது நொடி தள்ளிப் போய்விடும்.

இனி நோட்டு. வெட்டி முடித்த படத்தை விஎல்சி பிளேயரில் ஓட்டிக்கொண்டு ஒரு கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் நேரமும் வலது பக்கம் என்ன வருகிறது என்பதும் எழுதுங்கள். முடிந்தால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். அந்தக் குடும்பத்தில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த இடத்துக்குச் சாப்டர் வேண்டும் என்று நமக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும். கீழக்கரையில் ஒரு ராத்தா தன் நிக்காஹ் கேசட்டுடன் வந்தார். மாப்பிள்ளை ஊர்வலம் வரும் இடத்தை நான் குறித்துக்கொண்டிருக்கும்போது, "அதெல்லாம் இருக்கட்டும்மா, எங்க வாப்பா எந்த இடத்தில வர்றாங்க, அதைக் குறி" என்றார். வாப்பா வருவது மொத்தமே மூன்று இடம். வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிறார், துஆ ஓதும்போது கூட்டத்தில் தெரிகிறார், சஹன் தட்டு (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) வைக்கும்போது குனிந்து யாரிடமோ பேசுகிறார். மூன்றுக்கும் சாப்டர் வைத்தோம். அந்த டிவிடியில் ஊர்வலத்தை யாரும் தேடப்போவதில்லை.

அதனால்தான் மென்பொருளில் இருக்கும் 'ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாப்டர்' வசதியை நான் தொடுவதே இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு பாதியில் இருக்கும், பத்தாவது நிமிடத்தில் யாரோ ஒருவர் முதுகு இருக்கும். சாப்டர் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எங்கெங்கே வைக்கலாம் என்பதில் என் கணக்கைச் சொல்கிறேன். சடங்குகள் எல்லோரும் வைப்பதுதான்: மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், தாலி, மாலை மாற்றுவது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாப் படமாக இருந்தால் படகு கிளம்புவது, கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. இவை தானாக அமையும். பலர் விட்டுவிடுவது பந்தியை. எடிட்டிங் செய்கிறவர்களுக்குப் பந்தி என்றாலே சலிப்பு, சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டு ஓட்டிவிடுவார்கள். ஆனால் பழைய கேசட்டில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக, அசையாமல், கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரே இடம் அதுதான். இலை போட்ட வரிசையில் கேமரா மெதுவாக நகரும். இருபத்தைந்து வருடம் கழித்துப் பார்க்கும்போது அந்த வரிசையில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு பந்தி வரிசை தொடக்கத்திலும் ஒரு சாப்டர் வையுங்கள். மேடையில் குடும்பம் குடும்பமாக ஏறி போட்டோ எடுக்கும் இடத்திலும் அம்மா வழி, அப்பா வழி என்று பிரியும் இடம் தெரிந்தால் பிரித்து வையுங்கள்.

ஊர் சுற்றிய படங்களுக்கும் இதே கணக்குதான். எங்கள் பக்கம் எந்தக் குடும்பத்தின் கேசட்டை எடுத்தாலும் பாம்பன் பாலம் ஒரு தரமாவது வந்துவிடும். வெளியூர் விருந்தாளி வந்தால் ரோட்டுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, கீழே ரயில் போவதைக் காட்டாமல் விடமாட்டோம். தேதி எழுதாத கேசட்டுக்கு அந்தக் காட்சியே சாட்சி சொல்லும். ரோட்டுப் பாலம் திறந்தது 1988-இல், ஆகவே மேலிருந்து எடுத்த படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ரயில் மீட்டர் கேஜ் என்றால் 2007-க்கு முன்னால், அந்த ஆண்டுதான் பிராட் கேஜ் ஓட ஆரம்பித்தது. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, நடுப்பகுதி மேலே தூக்கும் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் வந்தது. இப்படி வருடத்தைப் பிடித்துச் சாப்டர் பெயரிலேயே எழுதிவிட்டால் அடுத்த தலைமுறைக்குச் சண்டை மிச்சம்.

எத்தனை வைக்கலாம்? ஒரு டைட்டிலுக்குள், அதாவது நிற்காமல் ஓடும் ஒரு படத்துக்குள், 99 வரை வைக்க டிவிடி இடம் கொடுக்கும். அவ்வளவு தேவையில்லை. இரண்டு மணி நேரப் படத்துக்கு இருபதுக்குள் வைத்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ரிமோட்டை அழுத்தி அழுத்தித் தேடுவது பழையபடி ஃபார்வர்ட் செய்வதைப்போலவே ஆகிவிடும்.

இனி நுணுக்கமான விஷயம். சாப்டரைச் சரியாக எந்தப் ஃபிரேமில் வைப்பது? நம் ஊர் டிவி முறையான பாலில் (PAL) நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனித்தனிப் படம். டிவிடியில் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதில் எல்லாப் ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. 12 அல்லது 15 ஃபிரேமுக்கு ஒன்றுதான் முழுப் படம், நடுவில் உள்ளவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். சாப்டர் அந்த முழுப் படத்தின்மேல்தான் நிற்கும். நாம் நடுவில் வைத்தால் பக்கத்தில் உள்ள முழுப் படத்துக்கு நகர்ந்துவிடும். அதாவது அரை நொடி வரை முன்பின் போகலாம். அதன் விளைவு கண்ணுக்குத் தெரியும்: தாலிச் சாப்டரை அழுத்தினால் நாதஸ்வரக்காரர் முகம் ஒரு கணம் மின்னிவிட்டு அப்புறம் மணமேடை வரும்.

இதற்கு இரண்டு வழி. எடிட்டிங் மென்பொருளிலேயே, எம்பெக்-2 ஆக மாற்றுவதற்கு முன்பே, டைம்லைனில் சாப்டர் மார்க்கர் வைத்துவிடுவது ஒன்று. அடோபி பிரீமியரில் எம் என்ற எழுத்தை அழுத்தினால் மார்க்கர் விழும், அதைத் திறந்து சாப்டர் வகை என்று மாற்றலாம். டிவிடி வரைக்கும் ஒரே மென்பொருளில் செய்தால், மாற்றும்போது அந்த இடத்தில் ஒரு முழுப் படத்தை வைத்துக்கொள்ளும், நகராது. ஏற்கெனவே எம்பெக்-2 ஆகிவிட்ட படம் கையில் இருந்தால் காட்சி மாறும் வெட்டின்மேல் வைக்காமல், வெட்டு முடிந்து முக்கால் நொடி உள்ளே தள்ளி வையுங்கள். பின்னால் நகர்ந்தாலும் புதுக் காட்சிக்குள்ளேயே நிற்கும். அந்தக் காலத்து மிக்சிங்கில் இதய வடிவம் விரிந்து அதற்குள் பெண் முகம் வரும், அன்னம் நீந்திப் போகும். அந்த ஜோடனை முழுதாக விரிந்து முடிந்த பிறகே புள்ளி வையுங்கள். பாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு: முதல் எழுத்து அறுபடாமல் இருக்க, பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னாலேயே வைத்துவிடுவேன்.

நேரம் எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எடிட்டிங் மென்பொருளில் 00:12:31:14 என்று காட்டினால் கடைசி எண் ஃபிரேம், நொடியின் பின்னம் இல்லை. டிவிடி மென்பொருள் தசமம் கேட்டால் 31.14 என்று எழுதக் கூடாது. 14-ஐ 25-ஆல் வகுத்து 31.56 என்று எழுத வேண்டும்.

சாப்டரா, தனி டைட்டிலா என்பதையும் இந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். சாப்டர் என்பது ஒரே ஓட்டத்தில் இருக்கும் புள்ளி. படம் அதைத் தாண்டி நிற்காமல் ஓடும். டைட்டில் தனி ஓட்டம். அது முடிந்ததும் மெனுவுக்குத் திரும்பிவிடும்படி அமைக்கலாம். இந்த வித்தியாசம் எங்கள் பக்கம் ரொம்ப முக்கியம். கீழக்கரை வீடுகளில் பெண்கள் பக்கம் எடுத்த கேசட்டை என் கையில்தான் கொடுப்பார்கள், என் வீட்டுக்காரர் பார்க்கக் கூடாது என்பது பேச்சு. அதை ஆண்கள் பக்கத்தோடு சேர்த்து ஒட்டி சாப்டர் மட்டும் வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் தானாக உள்கட்டுக்குள் போய்விடும். ஒரே டிவிடி போதும் என்று அவர்களே சொன்னால் தனி டைட்டிலாக வைப்பேன். என்னைக் கேட்டால் தனி டிவிடிதான் நல்லது, உறை நிறத்தையும் மாற்றிவிடலாம்.

மென்பொருள் எது என்றால், காசு செலவில்லாமல் செய்ய டிவிடி ஸ்டைலர் போதும். விண்டோஸ் 7-ல் கூடவே வந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8-இலிருந்து கிடையாது, அதைத் தேடி அலைய வேண்டாம். டிவிடி ஸ்டைலரில் புதுப் பிராஜெக்ட் தொடங்கும்போது பால், 4:3 என்று தேர்ந்தெடுங்கள். பழைய கேசட் படத்தை 16:9 என்று போட்டால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். படத்தைக் கீழே உள்ள பட்டையில் இழுத்துப் போட்டு, அதன்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸுக்குள் போனால் சாப்டருக்கு இடம் இருக்கும். நோட்டில் உள்ள நேரங்களை மணி, நிமிடம், நொடி வரிசையில் உள்ளே கொடுங்கள். முதல் சாப்டர் எப்போதும் பூஜ்யத்தில் தொடங்கும்.

தரம் பற்றிக் கொஞ்சம். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி. கம்ப்யூட்டர் அதை 4.37 என்று காட்டும், பயப்பட வேண்டாம். ஒரு மணி நேரப் படம் என்றால் நொடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் ஒலியையும் சேர்த்து 5 சொச்சம். மூன்று மணி நேரத்தையும் ஒன்றிலேயே அடைத்தால் மூன்றரைக்கும் கீழே இறங்கிவிடும், முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு டிவிடியாகப் பிரியுங்கள், ஒரு சாப்டர் தொடங்கும் இடத்தில் பிரியுங்கள். பிரிக்கவே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 720x576 அளவுக்குப் பதிலாக 352x576 அளவையும் டிவிடி ஏற்றுக்கொள்ளும். விஎச்எஸ் கேசட்டில் குறுக்குவாட்டில் இருக்கும் விவரமே குறைவு என்பதால் பாதியாக்கினாலும் பெரிதாக எதுவும் போய்விடாது, அதே இடத்தில் படம் சுத்தமாக உட்காரும்.

மெனுவுக்கு வருவோம். டிவிடி படத்துக்குள் சாப்டருக்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. பெயர் தெரிய வேண்டுமென்றால் மெனுவில் எழுத வேண்டும். தமிழ் எழுதினால் சில மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அதோடு மல்லுக்கட்டாமல், போட்டோஷாப்பில் பின்னணிப் படத்திலேயே பெயர்களை எழுதி, ஒரு படமாகச் சேமித்து, அதை மெனுவின் பின்னணியாக வைத்துவிடுங்கள். பட்டன்களை எழுத்தில்லாமல் அந்தப் பெயர்களின்மேல் பொருத்தி, ஒவ்வொன்றும் எந்தச் சாப்டருக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடலாம். பழைய டிவி ஓரத்தைச் சாப்பிட்டுவிடும் என்பதால் நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பெயர், பெரிய எழுத்து. கண்ணாடியைத் தேடாமல் படிக்க முடிய வேண்டும். பெயர் வைக்கும்போது 'காட்சி 7' என்றெல்லாம் எழுதாதீர்கள். 'இரண்டாம் பந்தி, தொண்டி சித்தப்பா வீட்டார்' என்று எழுதினால்தான் யாராவது அழுத்துவார்கள்.

டிவிடியில் ரைட் செய்வதற்கு முன்னால் ஐஎஸ்ஓ கோப்பாக (மொத்த டிவிடியும் ஒரே கோப்பில்) அல்லது கோப்புறையாக ஹார்ட் டிஸ்க்கில் உருவாக்குங்கள். அதை விஎல்சியில் திறந்து முதலிலிருந்து கடைசி வரை 'அடுத்த சாப்டர்' அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நொடி நின்று பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் டிவிடி-ஆர் போட்டு 4 அல்லது 8 வேகத்தில் ரைட் செய்யுங்கள். இம்ஜ்பர்ன் இதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. அவசரத்துக்கு 16-இல் போட்டால் சில பழைய பிளேயர்கள் நடுவில் திக்கும். முடிவில் ஃபைனலைஸ் ஆக வேண்டும், அதாவது எழுதி முடிந்தது என்று டிவிடியை மூட வேண்டும், இல்லையென்றால் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவது அவர்கள் வீட்டுப் பிளேயரில் ஓடாது. தட்டின்மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், வெயிலில் உரிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும். கடற்கரை வீட்டில் உறை திறந்து கிடக்காமல் மூடி போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள்.

நோட்டின் பக்கத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதே நேரங்களை வைத்து எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு எம்கேவி வீடியோ கோப்பும் செய்துவிடலாம். அதில் சாப்டருக்குத் தமிழ்ப் பெயரே கொடுக்கலாம், விஎல்சி அதைப் பட்டியலாகக் காட்டும். டிவியில் பென் டிரைவைச் செருகினால் சில டிவிகள் சாப்டரைக் கண்டுகொள்ளாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு யூடியூபில் போடச் சொன்னால், லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்து, விவரப் பகுதியில் நேரத்தையும் பெயரையும் வரி வரியாக எழுதினால் அங்கேயும் சாப்டர் வந்துவிடும். முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வரி இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. உள்கட்டு கேசட்டை மட்டும் எங்கேயும் ஏற்றாதீர்கள், எவ்வளவு கேட்டாலும்.